பாக்கெட் வச்ச கவுன்

வாணி: ஆடாம நில்லுங்கன்னு எத்தினி தபா சொல்றது?

தயாளன்: நான் எங்க ஆடறேன்? மூச்சு வுடறேன்.

வாணி: அதைக் கொஞ்சம் கம்மியா வுடுங்க.

தயாளன்: மூச்ச எப்டி வாணி கம்மியா வுடறது? எம்மா நேரமா நின்னுக்கினு இருக்கேன் தெரியுமா?

வாணி: பேசாதீங்க. வாயில குண்டூசி வச்சிக்கினு இருக்கேன்.

தயாளன்: ஒன் வாயிலதானே இருக்குது? நான் ஏன் பேசக் கூடாது?

வாணி: நீங்க பேசினா எனக்கு சிரிப்பு வரும். சிரிச்சா முழுங்கிடுவேன். கைய தூக்குங்க... ரெண்டு கையும்.

தயாளன்: திருடன புடிச்ச மாதிரி... ஆவ்! குத்திட்ட!

வாணி: குத்தல. பட்டுச்சி.

தயாளன்: ரத்தம் வந்துடுச்சின்னா?

வாணி: துணி வைன் கலரு. தெரியாது.

தயாளன்: துணிய கேக்கல! என்னை கேட்டேன்!

வாணி: இப்ப அப்டியே ஒரு சுத்து திரும்புங்க... ஐயோ, லாரி மாதிரி திரும்பாதீங்க! தெனம் வெள்ளிமலைக்கு வேன் ஓட்றீங்க. அத்தினி கொண்டை ஊசி வளைவுல திரும்பத் தெரியுது, இந்த ரெண்டடி எடத்துல திரும்பத் தெரியலியா?

தயாளன்: அங்க நான் பேன்ட்டு போட்டுக்கினு திரும்பறேன் வாணி. கவுனு போட்டுக்கினு இல்ல.

வாணி: இப்ப இன்னா கெட்டுப் போச்சி? கதவு சாத்தி இருக்குது. ஜன்னலு சாத்தி இருக்குது. அத்தை காலையிலயே மண்டபத்துக்குப் போயிட்டாங்க. யாருக்குத் தெரியப் போவுது?

தயாளன்: எனக்குத் தெரியுது இல்ல?

வாணி: என் கவுன நானே போட்டுக்கினு நானே கீழ மடிப்பு குத்திக்க முடியுமா? குனிஞ்சா மேல ஏறுது, நிமிந்தா கீழ எறங்குது. நீங்களும் நானும் ஒரே ஒயரம். கட்டிக்கினு வந்த நாளா அது ஒண்ணுதான் ஒங்களால எனக்குக் கெடைச்ச லாபம்.

தயாளன்: ஒரு பொடவைய கட்டிக்கினு வந்துடேன். தம்பி ரிசப்ஷனு. ஐயப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.

வாணி: ஐயப்பன் சொல்ல மாட்டான். அவன் கட்டிக்கப் போற மணலூர்பேட்டை பொண்ணு தமிழ்ப்ரியா சொல்லிடுச்சே! "ரெண்டு அண்ணியும் ஒரே கலரு கவுன்ல எனக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும்"னு போட்டோகிராபர வச்சிக்கினே சொல்லிடுச்சே! ஒரு பக்கம் செல்வி அக்கா பாண்டிச்சேரி கடையில வாங்கின கவுன்ல ஜம்முனு நிக்கும். இன்னொரு பக்கம் நான் பொடவை கட்டிக்கினு, பந்தி பரிமாற வந்தவ மாதிரி நிக்கறதா?

தயாளன்: அண்ணி ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க...

வாணி: நெனைக்க மாட்டாங்களா? அவங்க சொன்னது மறந்துடுச்சா ஒங்களுக்கு?

தயாளன்: ... இல்ல இல்ல. ஞாபகம் இருக்குது.

வாணி: "வாணிக்கு இன்னா தெரியும்? பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் தைக்கிறவ. அவ தச்ச கவுனு பெல்லு அடிச்சா தானா கிளாசுக்கு ஓடும்"னு சொன்னாங்களா இல்லியா?

தயாளன்: சொன்... அப்டித்தான் ஒரு பேச்சு அடிபட்டுச்சி.

வாணி: நீங்கதானே வந்து என்கிட்ட சொன்னீங்க?

தயாளன்: அதான். நான்தான் வந்து சொன்னேன்.

வாணி: பத்து நாளாவுது. எனக்கு சோறு எறங்கலீங்க. தையல் சங்கத்துல பன்னெண்டு வருசமா யூனிஃபார்ம் தச்சிக்கினு இருக்கேன். கள்ளக்குறிச்சிலருந்து மலைமேல வரைக்கும் எத்தினி புள்ளைங்க என் கையால தச்சதப் போட்டுக்கினு போவுது! அதையா கிண்டல் பண்றது? இன்னிக்கி இந்த கவுன போட்டுக்கினு அந்த மேடையில ஏறி, அவங்க பாக்கற மாதிரி ஒரு சுத்து சுத்தணும். அப்பதான் என் மனசு ஆறும்.

தயாளன்: சுத்து சுத்து. அதுக்குத்தானே நான் நிக்கறேன்.

வாணி: அதான் எனக்கே ஆச்சரியமா இருக்குது. ஒரு சத்தம் குடுத்தேன், ஒடனே வந்து மாட்டிக்கினு நின்னீங்க. ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா மூணு நாளு யோசிப்பீங்க.

தயாளன்: பொண்டாட்டி மேல பாசம் இருக்கக் கூடாதா? ... வாணி.

வாணி: ம்?

தயாளன்: நெஞ்சுல இது இன்னா?

வாணி: எங்க?

தயாளன்: எடது பக்கம். கைய வுட்டா உள்ள போவுது.

வாணி: இன்னா, தையல் பிரிஞ்சி... ஐயோ! ஐயய்யோ!

தயாளன்: இன்னாடி?

வாணி: பாக்கெட்டு வச்சிட்டேன்!

தயாளன்: கவுனுக்கா?

வாணி: நான் வைக்கலீங்க! கை அது பாட்டுக்கு வச்சிடுச்சி! நான் அந்த நேரம் அவங்க சொன்னதையே நெனைச்சிக்கினு, பல்ல கடிச்சிக்கினு மிஷினு மிதிச்சிக்கினு இருந்தேன்...

தயாளன்: ரெண்டு மூலைக்கும் கெட்டித் தையல் வேற போட்டிருக்குது. நல்லா ஸ்ட்ராங்கா.

வாணி: புள்ளைங்க இழுக்குமில்ல, அதுக்குப் போடறது.

தயாளன்: பேனா வச்சிக்கலாம்.

வாணி: சிரிக்காதீங்க! சிரிச்சீங்கன்னா குத்திடுவேன்!

தயாளன்: சிரிக்கல. கீழ இது ஏன் இம்மாம் மொத்தமா இருக்குது? காலுல மோதுது.

வாணி: மடிப்பு. உள்ள நாலு இஞ்சி வுட்டிருக்கேன்.

தயாளன்: நாலு இஞ்சியா? எதுக்கு?

வாணி: அடுத்த வருசம் வளந்துட்டா பிரிச்சி வுடறதுக்...

தயாளன்: யாரு வளந்துட்டா? ஒனக்கு முப்பத்தி நாலு முடிஞ்சிடுச்சி வாணி.

வாணி: கம்முனு இருங்க.

தயாளன்: எந்த கிளாஸு சைஸுல வெட்டின?

வாணி: பன்னெண்டாங் கிளாஸு. சங்கத்துல அதான் பெரிய சைஸு. அதுக்கு மேல நாலு வெரக்கடை சேத்தேன்.

தயாளன்: அப்ப பன்னெண்டாவது பெயிலாயி ரெண்டு வருசம் வூட்ல ஒக்காந்த சைஸுன்னு சொல்லு... ஆவ்! இது பட்டது இல்ல, குத்தனது!

வாணி: ஆமா. வேணும்னேதான் குத்தினேன். மணி இன்னா?

தயாளன்: மூணே முக்கா.

வாணி: அஞ்சி மணிக்கு வேன் எடுக்கணும். மலையிலருந்து சின்னத்தை வூட்டு ஜனங்க பஸ்ல வந்து எறங்கிடுவாங்க, அவங்களயும் ஏத்திக்கணும். பாக்கெட்ட பிரிச்சிட்டு, மடிப்பக் கொறைச்சி அடிச்சா... முடிச்சிடலாம். கழட்டுங்க.

தயாளன்: நீதான் கழட்டணும். ஜிப்பு முதுகுல இருக்குது.

வாணி: திரும்புங்க... இன்னா இது, எறங்க மாட்டேங்குது? வயித்த எக்குங்க.

தயாளன்: எக்கிட்டேன்.

வாணி: இன்னும்.

தயாளன்: இதுக்கு மேல எக்கினா முதுகு வழியா வெளிய வந்துடும்.

வாணி: ஐயோ கடவுளே... ஜிப்பு ஒங்க பனியன கடிச்சிக்கினு இருக்குதுங்க. மேலயும் போவல, கீழயும் வரல.

தயாளன்: சோப்பு தேச்சிப் பாரு.

வாணி: தேச்சிக்கினுதான் இருக்கேன்.

தயாளன்: ஜிப்ப அறுத்துடு.

வாணி: அறுத்துட்டா வேற ஜிப்புக்கு எங்க போறது? கள்ளக்குறிச்சிக்குத்தான் போவணும். யாரு போவா? கவுனுக்குள்ள இருக்கற நீங்களா?

தயாளன்: அப்ப அஞ்சி மணிக்கு வேன யாரு ஓட்றது? வாணி, அப்டி பாக்காத. நான் இப்டியே ஓட்ட மாட்டேன்.

செல்வி: வாணீ... ஏ வாணி... கதவத் தொற.

தயாளன்: அண்ணி!

வாணி: ஷ்ஷ்! கத்தாதீங்க! பின்னாடி தெருவுலருந்து இந்நேரத்துக்கு இவங்க ஏன் இங்க வந்தாங்க?

செல்வி: வாணி, உள்ளதான் இருக்கியா?

வாணி: குளிச்சிக்கினு இருக்கேன்கா!

செல்வி: கொல்லையில குளிக்கறவ கொரலு வாசக்கதவு கிட்டக்க கேக்குது?

வாணி: அது... இன்னிக்கி சத்தமா குளிக்கறேன்கா!

தயாளன்: இப்டியா பொய் சொல்லுவாங்க? பீரோ பின்னாடி போயிடறேன் இரு...

வாணி: நடக்காதீங்க, கீழ பூரா குண்டூசி! நின்ன எடத்துல நில்லுங்க!

செல்வி: யாருடி உள்ள பேசறது?

வாணி: டிவிக்கா!

செல்வி: சரி... ஒன் கவுனு முடிஞ்சிடுச்சா?

வாணி: முடிஞ்சிடுச்சே! நேத்தே முடிச்சி மாட்டி வச்சிட்டேன். பாத்தீங்கன்னா ஆளு போட்டுக்கினு நிக்கற மாதிரியே இருக்குது.

தயாளன்: ஹச்... ஹச்சு!

செல்வி: டிவி தும்முதா?

வாணி: சீரியலுக்கா. அதுல மாமியாரு தும்மறாங்க. ஒங்க பாண்டிச்சேரி கவுனு எப்டி இருக்குது?

செல்வி: அதுக்கு இன்னா, பிரமாதமா இருக்குது. கடைக்காரங்க தையலு ஆச்சே.

வாணி: அப்ப போட்டுக்கினு மண்டபத்துக்குக் கெளம்ப வேண்டியதுதானே?

செல்வி: கெளம்பணும்... அதான்... ஒரு ஊசியும் நூலும் இருந்தா குடேன்.

வாணி: கடை கவுனுக்கு ஊசி நூலு எதுக்குக்கா?

செல்வி: ஒரு பட்டனு லூசா இருக்குது.

வாணி: ஒரு பட்டனுதானா?

செல்வி: பட்டனுன்னா... கை. கை கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குது.

வாணி: எந்தக் கை?

செல்வி: ரெண்டும் எடது கையா இருக்குதுடி!

வாணி: இன்னாது?

செல்வி: வலது கைய வுட்டா முட்டி முன்னாடி மடங்காம பின்னாடி மடங்குற மாதிரி இழுக்குது. கைய எறக்கவே முடியல. தெருவுல தூக்கிக்கினே வந்தேன். வழியில ரெண்டு பேரு எனக்கு டாட்டா காமிச்சிட்டுப் போறாங்க.

வாணி: போட்டுக்கினேவா வந்துட்டீங்க?

செல்வி: கழட்ட முடிஞ்சா கழட்டிட்டு வர மாட்டனா? மேல ஒரு பெட்ஷீட்ட சுத்திக்கினு வந்திருக்கேன். அதோ, எதுத்த வூட்டு அம்சவள்ளி வெளிய வர்றா... வாணி, ஒன் கால்ல வுழறேன், கதவத் தொறடி!

தயாளன்: தொறக்காத! தொறக்காத!

வாணி: பாவங்க அவங்க!

தயாளன்: நான் பாவம் இல்லியா?

வாணி: வாங்கக்கா, சீக்கிரம் வாங்க... இருங்க, கதவ சாத்திடறேன்.

செல்வி: அப்பாடி... மானம் போவ இருந்துச்சி. ஒன் வூட்ல யாரோ வந்திருக்காங்க போல. யாரு வாணி இந்தம்மா? மீசை வச்சிக்கினு...

தயாளன்: வாங்கண்ணி.

செல்வி: ஐயோ! கொழுந்தனாரா!

வாணி: அளவுக்கு நிக்க வச்சேன்கா. ஜிப்பு மாட்டிக்கிச்சி.

செல்வி: ஐயோ, எனக்கு மூச்சு முட்டுதே... சிரிக்க வைக்காதீங்க, இந்தக் கை வேற எறங்க மாட்டேங்குது... தம்பி, சும்மா சொல்லக் கூடாது, இடுப்பு கிட்டக்க நல்லா அமைஞ்சிருக்குது ஒங்களுக்கு.

தயாளன்: ரொம்ப நன்றிங்கண்ணி.

வாணி: நீங்க இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வாங்கக்கா. பெட்ஷீட்ட எடுங்க... அக்கா, இது இன்னாக்கா தையலு? நூலு எல்லாம் வெளிய தொங்குது. பாண்டிச்சேரி கடையில இப்டியா தச்சிக் குடுப்பாங்க? வாங்க, போயி சண்டை போடலாம்.

செல்வி: சண்டையெல்லாம் வாணாம்.

வாணி: ஏன் வாணாம்? எந்தக் கடை, சொல்லுங்க. பேரச் சொல்லுங்க.

செல்வி: கடை இல்ல.

வாணி: கடை இல்லன்னா?

செல்வி: ... நான்தான் தச்சேன்.

வாணி: நீங்களா!

செல்வி: அம்சவள்ளி கிட்ட மிஷினு எரவலு வாங்கி, கதவ சாத்திக்கினு, பத்து நாளா செல்போன்ல பாத்துப் பாத்துத் தச்சேன். அதுல ஒரு பொண்ணு பத்தே நிமிசம்னு சொல்லி தச்சி முடிச்சிட்டு சிரிக்கிதுடி. நான் பத்து நாளா அழுதுக்கினு தச்சேன்.

வாணி: ஏங்க்கா? என்கிட்ட சொல்லியிருந்தா நான் தச்சிக் குடுத்திருக்க மாட்டனா?

செல்வி: ஒன்கிட்டயா? நீ சொன்னதுக்கு அப்பறம் ஒன்கிட்ட எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது?

வாணி: நான் இன்னா சொன்னேன்?

செல்வி: "செல்வி அக்காவுக்கு ஒரு பட்டனு தைக்கக் கூட கை வராது. ரெடிமேடு இல்லன்னா கோணிய சுத்திக்கினுதான் வரணும்"னு சொன்னியாமே?

வாணி: நானா? யக்கா, எங்கம்மா சத்தியமா நான் சொல்லல!

செல்வி: சொல்லலியா? அப்ப நான் பத்து நாளா வெந்து செத்தது?

வாணி: நீங்கதான் என்னை சொன்னீங்க! யூனிஃபார்ம் தைக்கிறவன்னு! பெல்லு அடிச்சா கவுனு கிளாசுக்கு ஓடும்னு!

செல்வி: யாரு, நானா? என் பொண்ணே ஒன் கையால தச்ச யூனிஃபார்மதான் போட்டுக்கினு போவுது. நீ தச்சா நாலு வருசம் கிழியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறவ நானு. ஒன்ன போயி அப்டி சொல்வனா?

வாணி: அக்கா...

செல்வி: இந்தா, அழாத. அழுதா கண்ணு மை கரையும். துணியில பட்டுடும்.

வாணி: பட்டா தெரியாதுக்கா... கைய குடுங்க. இந்த வலது கைய பிரிச்சி, திருப்பி வச்சி அடிச்சிடறேன். கா மணி நேரம்.

செல்வி: வாணி, இது இன்னா ஒன் கவுன்ல? பாக்கெட்டா?

வாணி: அது... தப்பா வச்சிட்டேன்கா. பிரிச்சிடுவேன்.

செல்வி: பிரிக்கறதா? செல்போன வச்சிக்கலாமேடி! மேடையில மணிக்கணக்கா நிக்கணும், போனக் கையிலயே புடிச்சிக்கினு நிக்கறதா? எனக்கும் ஒண்ணு வச்சிக் குடு.

வாணி: நெஜமாவா?

செல்வி: ரெண்டு பேரும் ஒரே மாதிரி பாக்கெட்டோட நின்னா அதான் மாடலுன்னு நெனைச்சிப்பாங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு ஊரே வைக்கும் பாரு.

வாணி: அப்ப ரெண்டு பேரும் சேந்தே மேடையில ஏறி சுத்தலாம்கா. சரி... இதச் சொல்லுங்க. நான் பட்டனு பத்தி சொன்னேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?

செல்வி: என் வூட்டுக்காருதான். ஒனக்கு?

வாணி: த்தோ, கவுன்ல நிக்கிதே. இதான்.

செல்வி: ஒரே நாளா?

வாணி: அன்னிக்கி செவ்வாய்க்கெழம.

செல்வி: எனக்கும் செவ்வாய்க்கெழமதான்.

தயாளன்: மணி நாலேகா ஆயிடுச்சி. மலை பஸ்சு வந்திருக்கும்...

வாணி: எங்க நவுர்றீங்க?

தயாளன்: நவுரல. குண்டூசி குத்துது.

செல்வி: தம்பி, அண்ணனுக்கு போன் போடட்டுமா? இல்ல, போட்டோ எடுத்து மண்டபத்துக்கு அனுப்பட்டுமா?

தயாளன்: அண்ணி, அண்ணி, போன உள்ள வைங்க!

வாணி: யக்கா, அந்தப் பெரிய கத்தரிய எடுங்க. ஜிப்பு போனாலும் போவுது. ஏங்க, சொல்றீங்களா, இல்ல பனியனோட சேத்து வெட்டட்டுமா?

தயாளன்: சொல்லிடறேன், சொல்லிடறேன்! கத்தரிய கீழ வை... போன பொங்கலுக்குப் பொடவை எடுக்கறோம்னு ரெண்டு பேரும் எங்கள கடைக்கு இழுத்துக்கினு போனீங்களே... காலையில பத்து மணிக்கு உள்ள போயி, சாயங்காலம் ஆறு மணிக்கு வெறுங்கையோட வெளிய வந்து, "பக்கத்துக் கடையிலயும் ஒரு தபா பாத்துடலாம்"னு சொன்னீங்களே... அங்கியே நானும் அண்ணனும் கை மேல கை அடிச்சி முடிவு பண்ணிட்டோம். அடுத்த விசேசத்துக்கு ரெண்டு பேருக்கும் ரோசம் வர்ற மாதிரி ஆளுக்கு ஒண்ணு சொல்லி வுட்டா, கடைக்குக் கூப்டாம வூட்லயே தச்சிப்பீங்கன்னு... சத்தியமா சொல்றேன் வாணி, தப்புதான். கடையிலயாவது ஒக்கார ஒரு ஸ்டூலு போட்டாங்க.